குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அப்பா கண்ட அரசியல் செய்தியையும் பகிர்கிறார். சண்டை வராமல் எப்படிப் பேசுவது?

குழுவிலேயே மறுப்புப் போடாதீர்கள். சித்தப்பா, அத்தை, மாப்பிள்ளை எல்லாரும் பார்க்க "அப்பா, இது பொய்" என்று எழுதினால், செய்தி போய் மரியாதைதான் பேச்சாகும். வீட்டில், அவர் கைப்பேசியிலேயே, ஒரே ஒரு செய்தியை எடுத்து உட்காருங்கள். அவர் ஆதரிக்கும் கட்சியைத் தாக்கும் புரளியாக இருந்தால் இன்னும் நல்லது. அவரே மும்முரமாகத் தேடுவார்.

தகவலின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது குறைந்தது 5 கை மாறி வந்தது. பொய் என்று அர்த்தமில்லை. அனுப்பிய நண்பர் எழுதியதல்ல, அவ்வளவுதான். "அவர் தலைமையாசிரியராக இருந்தவர், பொய் சொல்ல மாட்டார்" என்ற வாதம் இங்கேதான் கழலும்.

பழகுவதற்கு மலேசிய அரசின் எஸ்டிஆர் ரொக்க உதவித்தொகை பற்றி வரும் இணைப்புகள் தோதானவை. அதில் கட்சிக் கோபம் இல்லை. தளப்பெயர் முடிந்து முதல் சாய்கோடு வரும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் 'ஜிஓவி டாட் எம்ஒய்' என்று முடிந்தால் அரசுத் தளம். வருமான வரி வாரியத்தின் பெயரான 'ஹசில் டாட் ஜிஓவி டாட் எம்ஒய்' என்று தொடங்கி வேறொரு 'டாட் காம்' என்று முடிந்தால் தொடவே வேண்டாம். முன்பகுதியில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். தளம் யாருடையது என்பது வாலில் இருக்கிறது.

நம் தமிழ்ப் பதிவுகளில் கோளாறு பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்தான். அமைச்சர் மலாயில் 'அகான் டிகாஜி', அதாவது ஆராயப்படும் என்றிருப்பார். தமிழுக்கு வரும்போது "அரசு வழங்குகிறது" ஆகிவிடும். 'டிலுலுஸ்கான்' என்றிருந்தால்தான் அங்கீகாரம். மலாய் மூலத்தில் அந்த ஒரு வினைச்சொல்லைத் தேடினால் போதும். சட்டமும் அப்படித்தான்: மக்களவைக்குப் பிறகு மேலவை, மாமன்னர் ஒப்புதல், அரசிதழ் எல்லாம் உண்டு. பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை ரத்து செய்ய 2018 ஆகஸ்டில் மக்களவை வாக்களித்தது. செப்டம்பரில் மேலவை நிராகரித்தது. 2019 டிசம்பரில்தான் மேலவை இசைந்தது. இடையில் "சட்டம் போச்சு" என்று பகிர்ந்தவர் பகிர்ந்ததே பொய்ச் செய்தி!

'கோலாலம்பூர் செந்தூலில் கோயிலை உடைக்கிறார்கள்' என்று காணொளி வந்தால் நிறுத்தி வண்டி எண்ணைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து நம் ஊர். வெள்ளையில் கறுப்பு என்றால், டாக்சியாகவோ புது மின்காராகவோ இல்லாதவரை, தமிழ்நாடாக இருக்கலாம். நம் ஊர்தான் என்றாலும் எந்த வருடம் என்பது பாக்கி. அந்தக் காட்சியைப் படம்பிடித்துக் கூகுள் லென்ஸில் போட்டால் முதலில் வெளியான தேதி சில சமயம் கிடைக்கும்.

புரளிகளைச் சரிபார்க்கும் செபெனார்ஞா தளம் உதவும். ஆனால் அது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் என்ற அரசு அமைப்புடையது. அரசைப் பற்றிய குற்றச்சாட்டு என்றால் அங்கே கிடைப்பது அரசின் பதில். பெர்னாமாவும் அரசு செய்தி நிறுவனமே, ஹராக்கா பாஸ் கட்சி ஏடு, தி ஸ்டார் நாளிதழில் மசீச (மலேசிய சீனர் சங்கம்) கட்சி பெரிய பங்குதாரர். உரிமையாளர் வேறுபடும் இரண்டிலாவது ஒரே செய்தியைப் படிக்க வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் விடுபட்டது எது என்று அப்பாவையே கேளுங்கள்.

தவறு என்று அவருக்கே பட்டால், 'அனைவருக்கும் நீக்கு' என்பதை அவரே அழுத்தட்டும். அனுப்பி இரண்டரை நாள் வரைதான் அது வேலை செய்யும்.