ஷாத்தோ ரயாஸ் ஒயினுக்கு ஏன் இத்தனை மதிப்பு?

கிரனாஷ் என்ற திராட்சை வகையில் செய்த, நிறம் வெளிறிய ஷாத்தோ ரயாஸ் ஒயினை விமர்சகர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலில் பெரும்பங்கு மண்ணில்தான் இருக்கிறது.

பிரான்ஸின் தென் ரோன் பள்ளத்தாக்கில், அவிஞான் நகருக்கு வடக்கே உள்ள ஷாத்தோநெஃப்-து-பாப் வட்டாரம் உருண்டைக் கூழாங்கற்களுக்குப் பேர்போனது. பகல் வெயிலைச் சேர்த்துவைத்து இரவில் வெளிவிடும் கற்கள் அவை. பழத்தில் சர்க்கரை ஏறும். ஆல்கஹால் சாதாரணமாக 14 சதவீதத்தைத் தாண்டும். அங்கே பலரும் கிரனாஷோடு சிரா, மூர்வெத்ர் திராட்சைகளையும் கலப்பார்கள்.

அதே வட்டாரத்தைச் சேர்ந்த ரயாஸின் சிவப்பு ஒயினில் கிரனாஷ் மட்டும்தான். நிலமோ மணல், பல துண்டுகள் வடக்குப் பார்த்தவை, சுற்றிலும் மரங்கள். அந்தக் குளிர்ச்சியில் பழம் நிதானமாகப் பழுப்பதால் ஜாம் போன்ற கனம் இல்லாமல் ஸ்ட்ராபெரி, மசாலா மணம் தெளிவாக நிற்கிறது. அப்புறம், பழைய பீப்பாய்களில் வைப்பதால் புது ஓக் மர வாசனையும் குறுக்கே வராது.

விளைச்சல் குறைவு, விலை அநியாயம். கிரனாஷ் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள மட்டும் என்றால், பக்கத்து ஜிகோந்தாஸ் ஒயின் ஒன்றை வாங்குங்கள், போதும்.