டேபிள் சா மெஷினில் நீளவாக்கிலும் சாய்வாகவும் பத்திரமாக அறுப்பது எப்படி?

கேட்டவர் வீட்டுக் கொல்லையில் சின்னதாகப் பட்டறை போடுகிறார், 10 அங்குல டேபிள் சா (மேஜை ரம்பம்) வாங்கிவிட்டார், ரீப்பர் (ஒடுக்கமான நீளச் சட்டம்) கிழிக்கவும் 45 டிகிரி சாய்வு வெட்டு போடவும் பயமாக இருக்கிறது என்கிறார். பயம் இருக்கட்டும், நல்லதுதான். எனக்கு எரிச்சல் வந்தது ஏற்கெனவே ஒருவர் போட்டிருந்த பதிலைப் பார்த்து: ஒரு விரலாவது போகாதவன் ஆசாரியே இல்லையாம். மன்னார்குடிப் பக்கம் தலைமுறையாக உளி பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. பெரியப்பா வேலையை விட்டபோது பத்து விரலும் பத்திரமாக இருந்தன. அவருக்கு வேலை தெரியாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் கை பிளேடில் படுவதைப் பற்றியே பேசுகிறார்கள். மரம் திரும்பி அடிப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. கை உள்ளே போவதற்கே பல நேரம் அதுதான் காரணம். தள்ளிக்கொண்டிருந்த பலகை சட்டென்று பறந்துவிட்டால், அதை அழுத்திக்கொண்டிருந்த கை பிடிமானம் இல்லாமல் பிளேடு மேல் விழும். பிளேடின் முன்பக்கப் பல் மரத்தை மேஜையோடு சேர்த்து அமுக்குகிறது. பின்பக்கப் பல் கீழேயிருந்து மேலே ஏறி வருகிறது. பலகை நீள கைடுக்கும் (பலகையை ஒட்டித் தள்ளுகிற நேர்ச்சட்டம்) பிளேடுக்கும் நடுவில் நெருக்கி, அந்தப் பின்பல்லில் மாட்டினால், தூக்கி உங்கள் வயிற்றைப் பார்த்து எறியும். 12 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2880 சுற்று சுற்றினால் பல் நுனி மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. மரம் எந்த வேகத்தில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் தென்னை, வேம்பு, பூவரசு என்று கொல்லை கொல்லையாகச் சாய்ந்து கிடந்தன. ஒருவர் தன் வீட்டில் விழுந்த வேம்பிலேயே கதவு வேண்டும் என்றார். ஆசை நியாயம்தான். ஆனால் மரம் காயவே விடவில்லை. பச்சை வேம்பு, நார் இப்படியும் அப்படியும் பின்னிக்கொண்டு ஓடும். ஆறடிப் பலகையை நீளவாக்கில் விட்டேன். மூன்றடி போனதும் மோட்டார் சத்தம் இறங்கியது, கருகல் வாடை வந்தது. அறுத்த வாய் பிளேடுக்குப் பின்னால் மூடிக்கொண்டு வருகிறது. வாசலில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்த பெரியப்பா தலையைத் தூக்காமலே, "டேய், இழுக்காத, அப்படியே அமுக்கிப் புடி, ஆஃப் பண்ணு" என்றார். பக்கத்தில் வந்து, பிளேடு முழுக்க நிற்கும்வரை நின்று பார்த்துவிட்டு, மடியிலிருந்து விரல் நீள ஆப்பு ஒன்றை எடுத்து அறுத்த வாயில் வைத்து, கொட்டாப்புளியால் இரண்டு தட்டு தட்டினார். வாய் திறந்தது. மறுபடி மோட்டாரைப் போட்டேன், பலகை வழுக்கிக்கொண்டு போனது.

அதே மரத்தின் மிச்சப் பலகைகள் வேறொரு பட்டறைக்குப் போயின. அங்கே ஆப்பும் இல்லை, அறுத்த வாய் மூடாமல் தடுக்க பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய ரைவிங் தகடும் இல்லை, இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருந்தார்கள். பலகை தள்ளுகிற பக்கமே திரும்பிப் பறந்து, பின்னால் இருந்த ஷட்டரில் அடித்தது. தள்ளிக்கொண்டிருந்த பையன் பிளேடுக்கு நேராக நிற்காமல் இடதுபக்கம் ஒதுங்கி நின்றதால் தப்பித்தான். ஷட்டரில் முழங்கை போகிற அளவுக்குப் பள்ளம்.

"யூடியூப்பில் தகடு இல்லாமல்தானே அறுக்கிறார்கள்" என்று சிலர் வருவீர்கள். கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்று நிறையப் பேர் கழற்றி வைத்துவிட்டுக் காட்டுகிறார்கள். நீங்கள் கழற்றாதீர்கள்.

நீளவாக்கில் அறுக்க 24 பல், 30 பல் பிளேடு போதும். கைடை ஒட்டி ஓடுகிற விளிம்பை முதலில் இழைத்து நேராக்கிக்கொள்ளுங்கள், கோணல் விளிம்பு நெருக்கத்தான் செய்யும். பல் மரத்துக்கு மேலே கொஞ்சம் தெரிந்தால் போதும். நாலு விரல் அகலத்துக்குக் குறைந்த ரீப்பர் என்றால் தள்ளுகட்டையால்தான் தள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் ஆள் நின்றால் பலகையைத் தாங்கட்டும், இழுக்கக் கூடாது.

சாய்வு வெட்டு இரண்டு விதம். பிளேடையே சாய்த்துப் போடுவது ஒன்று. அப்போது கைடு பிளேடு சாய்கிற பக்கம் இருக்கக் கூடாது. இருந்தால் பலகை அடியில் சிக்கிக்கொள்ளும். மெஷினுக்கு மெஷின் சாயும் பக்கம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று மைட்டர் கைடில் (மரத்தைக் கோணத்தில் பிடித்துத் தள்ளுகிற கைடு) கோணம் வைத்து அறுப்பது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு நாங்கள் சட்டம் அடிப்பது இப்படித்தான். நாலு மூலைக்கு எட்டு வெட்டு. வெட்டுக்கு அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் நாலு டிகிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மரம் கைடில் மெல்ல நழுவுவது இதற்கு ஒரு காரணம், கைடு முகத்தில் உப்புத்தாள் ஒட்டினால் நிற்கும். அளவு சரியாக வர வேண்டும் என்று நீள கைடையும் மைட்டரையும் சேர்த்து உபயோகிக்காதீர்கள், வெட்டின துண்டு நடுவில் மாட்டிப் பறக்கும். அளவுக்குத் தடுப்புக்கட்டை வேண்டுமென்றால் பிளேடுக்கு நன்றாக முன்னாலேயே முடிகிற மாதிரி வையுங்கள்.

மார்பிள் கட்டரைத் தலைகீழாகப் பிளைவுட்டில் மாட்டி, சுவிட்சை லாக் பண்ணி, மேஜை ரம்பம் என்று விற்கிறார்களே, அதைப் பற்றி எழுதினால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அதில் நான் சொன்ன எதுவுமே கிடையாது.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நிலை வைக்க நாளைக் காலை முகூர்த்தம் என்று முந்தின நாள் சாயங்காலம் மரத்தைக் கொண்டுவந்து இறக்குவார்கள். ராத்திரி உட்கார்ந்து தூக்கக் கலக்கத்தில் அறுப்பது நாங்கள். யுபிவிசி ஜன்னல்காரர் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுப்பவர்கள், எங்கள் கூலியில் ஐந்நூறு குறைக்காமல் விடமாட்டார்கள். விரல் போனால் மட்டும் "பாவம், பார்த்து அறுத்திருக்கலாமே" என்பார்கள்.

கையுறை கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள், நூல் மாட்டினால் கையையே உள்ளே இழுத்துவிடும். கண்ணாடி போடுங்கள்.