தரவுத்தளத்தில் உள்ள அளவைப் பொறுத்து வரைபட மார்க்கரின் நிறத்தை மாற்றுவது எப்படி?

டேபிளில் கிணறுகளும் அவற்றின் ஃப்ளோரைடு அளவும் இருக்கின்றன, ஆனால் லீஃப்லெட் (Leaflet, இணையப் பக்கத்தில் வரைபடம் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) வரைபடத்தில் எல்லாமே நீலமாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தர்மபுரி மாவட்டக் கிணறுகளுக்கு நண்பர்களோடு சேர்ந்து இதே வேலையைச் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த நீல மார்க்கர் வெறும் பிஎன்ஜி படம். அதற்கு நிறம் என்று ஒரு ஆப்ஷன் கிடையாது, வேறு படம்தான் மாட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு சர்க்கிள்மார்க்கரை (circleMarker, வட்டப் புள்ளி) எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்கலரில் (fillColor) எந்த நிறத்தையும் கொடுக்கலாம். (வெறும் சர்க்கிள் என்று இன்னொன்று உண்டு. அதன் ஆரம் மீட்டர் கணக்கு, ஜூம் செய்தால் பெரிதாகிக்கொண்டே போகும். உங்களுக்கு வேண்டியது அது இல்லை.) ஊசி வடிவம்தான் வேண்டும் என்றால் டிவ்ஐகான் (divIcon, படத்துக்குப் பதில் எச்டிஎம்எல்) வைத்து சிஎஸ்எஸ்ஸில் நிறம் கொடுங்கள்.

சர்வரிலிருந்து ஜியோஜேசனாக (GeoJSON, இடத் தகவலுக்கான வடிவம்) அனுப்பினால், பாயிண்ட்டுலேயர் (pointToLayer) ஃபங்ஷன் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு முறை ஓடும். அளவை அங்கே எடுத்து, நிறத்தைத் திருப்பித் தரும் தனி ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். ஜியோஜேசனில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். மாற்றி எழுதினால் தர்மபுரி கிணறு ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு பக்கம் போய் உட்காரும்.

நிறத்தையே டேபிளில் ஒரு நெடுவரிசையாகச் சேமிக்க வேண்டாம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். இந்த இரண்டு எண்களும் நிற ஃபங்ஷனில் மட்டும் இருந்தால், நாளைக்கு எல்லையை மாற்றுவது ஒரு வரி வேலை.

அடுத்தது முக்கியம். எங்கள் முதல் வரைபடத்தில் பென்னாகரம் பக்கம் வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். பார்த்த எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பகுதியில் இவ்வளவு நல்ல தண்ணீரா என்று ஒரு நண்பருக்குச் சந்தேகம் வந்து டேபிளைத் திறந்தார். அந்தக் கிணறுகளை யாரும் சோதிக்கவே இல்லை, அளவு null (நல், அதாவது மதிப்பே இல்லை) என்று இருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் null-ஐ எண்ணோடு ஒப்பிட்டால் அது 0 ஆகிவிடும். 0 என்பது 1-ஐ விடக் குறைவு, ஆகவே பச்சை. காலி ஸ்ட்ரிங்கும் அப்படியே. நம்பர் ஃபங்ஷனில் போட்டு எடுத்தாலும் இரண்டுக்கும் 0தான் வரும். பார்ஸ்ஃப்ளோட் (parseFloat) போட்டால் NaN (எண்ணே இல்லை என்று பொருள்) வரும், எந்த ஒப்பீடும் பொருந்தாமல் கடைசி எல்ஸுக்குப் போய்ச் சிவப்பாகிவிடும். இரண்டுமே பொய். சோதிக்காத கிணற்றைப் பச்சையாகக் காட்டினால், அதை நம்பி ஒரு வீட்டில் குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். ஃப்ளோரைடு அதிகமானால் பல்லில் வரும் கறை அப்புறம் போகாது. அதனால் ஃபங்ஷனின் முதல் வரியே "அளவு காலியா? சாம்பல் நிறம்" என்று இருக்கட்டும். மற்ற ஒப்பீடுகள் அதற்குக் கீழே.

பச்சை, சிவப்பு ஜோடியையும் நாங்கள் கைவிட்டுவிட்டோம். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இப்போது நீலம், ஆரஞ்சு, அடர்சிவப்பு, சோதிக்காததற்குச் சாம்பல். 1.5-ஐத் தாண்டியவற்றுக்கு வட்டத்தையும் சற்றுப் பெரிதாக்கினோம். ஓரத்தில் வரும் நிற விளக்கப் பெட்டியையும் அதே எல்லை எண்களிலிருந்து உருவாக்குங்கள். கையால் தனியாக எழுதினால், ஒன்றை மாற்றும்போது மற்றது பழையபடியே நின்றுவிடும்.

புதிய அளவு வரும்போது மார்க்கர்களை அழித்து மறுபடி வரைய வேண்டியதில்லை. கிணற்று எண்ணை வைத்து மார்க்கர்களை ஜாவாஸ்கிரிப்டின் ஒரு Map-இல் (வரைபடம் அல்ல, எண்ணைக் கொடுத்தால் மார்க்கரைத் தரும் பட்டியல்) சேமித்துக்கொண்டு, மாறியதற்கு மட்டும் செட்ஸ்டைல் (setStyle) கூப்பிட்டால் போதும்.