தொண்டையை விசிறி போல விரிக்கும் மணல் ஓணான் எது?

கடலூர் கடற்கரை மணலில் கல் மேல் ஏறித் தொண்டைத் தோலை விரித்து மடக்கும் சிறு ஓணான் எது, அதை எப்படிக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது விசிறித்தொண்டை ஓணான். விரிப்பது ஆண் மட்டுமே. பெண்ணை ஈர்க்கவும், பக்கத்து ஆணை விலக்கவும்தான். இதன் அறிவியல் பெயர் சிட்டானா பாண்டிசெரியானா. 1829இல் பிரெஞ்சு அறிஞர் குவியே புதுச்சேரியின் பெயரிலேயே சூட்டியது. நம் மண்ணின் பெயர் உலக அறிவியலில் நிற்பது இந்தச் சிற்றுயிரால்!

வேலி ஓணான் குஞ்சோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னங்காலைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: இதற்கு நான்கு விரல்தான், வேலி ஓணானுக்கு ஐந்து.

காலை வெயில் ஏறியதும் போங்கள். உச்சிவெயிலில் புதர் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். பத்தடி தள்ளி உட்கார்ந்து, அது உங்களை மறக்கும்வரை அசையாதிருங்கள். பிறகு ஒரே ஆணைப் பத்து நிமிடம் பார்த்து, எத்தனை முறை விரித்தது, எதன் மேல் நின்றது, அருகில் யார் வந்தது என்று குறியுங்கள். பலரும் தவறுவது நிழலில்: உங்கள் நிழல் அதன் மேல் விழுந்தால் பின்னங்கால்களில் எழுந்தே ஓடிவிடும், அன்றைய கணக்கு கெட்டுவிடும். பிடிக்க மட்டும் முயலாதீர்கள். வால் முறிந்தால் பல்லிக்குப் போல நன்றாக வளராது.