ஆபத்து ஒன்று, அச்சம் பலவிதம்

கேள்வி: எங்கள் அலுவலகக் குழுவில் பல நாட்டுக்காரர்கள் இருக்கிறோம். எல்லோரும் படித்தவர்கள். ஆனால் அணுமின்சாரம் என்றால் ஒருவர் பதறுகிறார், இன்னொருவர் அலட்டிக்கொள்வதே இல்லை. விவரம் போதாததுதானே காரணம்?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெடுங்காலம் காப்பீட்டுத் துறையில் இருந்தவன் நான். பாலிசி எடுக்க வருகிறவர்கள் விபத்துக்கான சதவீதத்தைக் கேட்டு நான் பார்த்ததில்லை. “எனக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?” என்பார்கள். அந்த ‘யார்’ சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது.

கிறிஸ்டோபர் ஷீ, எல்கே வெபர் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்கர்கள்தான் துணிந்தவர்கள் என்று அமெரிக்கர்களும் சொன்னார்கள், சீனர்களும் சொன்னார்கள். பார்த்தால், முதலீட்டில் அதிகம் துணிந்தவர்கள் சீன மாணவர்கள்! மருத்துவம், படிப்பு பற்றிய முடிவுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பணம் போனால் கைகொடுக்க உற்றார் உறவினர் இருக்கிறார்கள் என்ற தெம்புதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். உடம்பு கெட்டால் யாரும் கடன் கொடுத்துச் சரிக்கட்ட முடியாதே.

அணுமின்சாரத்துக்கு வருவோம். 1986-இல் செர்னோபில் விபத்தின் கதிரியக்கத் தூசு ஜெர்மனியிலும் படிந்தது, பிரான்ஸிலும் படிந்தது. ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி மூன்று அணு உலைகளையும் மூடிவிட்டது. பிரான்ஸோ மின்சாரத்தில் பெரும்பங்கை இன்றும் அணுவிலிருந்தே எடுக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடியில் தவித்த பிரான்ஸுக்கு உலை என்பது அடுத்தவரிடம் கையேந்தாமல் இருக்கும் வழி. பனிப்போரின் ஏவுகணைகள் நடுவே வாழ்ந்த ஜெர்மானியர் பலருக்கு ‘அணு’ என்றதும் குண்டுதான் நினைவுக்கு வந்தது. இதில் யார் விவரம் கெட்டவர்?

படிப்பு இந்த இடைவெளியை மூடிவிடும் என்று நம்பாதீர்கள். பருவநிலை மாற்றம் குறித்து டான் கஹானும் சகாக்களும் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2012-இல் வந்தது. அறிவியலும் கணக்கும் நன்றாகத் தெரிந்தவர்களிடம்தான் எதிரெதிர்க் கூட்டங்களுக்கு இடையிலான பிளவு ஆழமாக இருந்தது. தங்கள் கூட்டத்தின் கருத்துக்கு வாதம் தேட அறிவும் உதவுகிறதல்லவா?

உங்கள் குழுவில் பதறுகிற அந்த நண்பரிடம் அடுத்த புள்ளிவிவரத்தை நீட்டுவதற்கு முன், விபத்து நடந்தால் யார் உண்மையைச் சொல்வார்கள் என்று அவர் நம்புகிறார், கேட்டுப் பாருங்கள். உங்கள் பதிலையும் அவரிடம் சொல்லுங்கள்.