இரவில் 'டக்' என்று கேட்கிறதே?

கேள்வி: கடைசியாக வாங்கிய உயிர்ப்பாறையை (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறைத் துண்டு) கடல்நீர் மீன்தொட்டியில் வைத்ததிலிருந்து, விளக்கை அணைத்த பிறகு கண்ணாடியில் கல் பட்டாற்போல் 'டக்' என்று சத்தம் கேட்கிறது. பாறையிடுக்கில் விரல் நீளத்துக்கு ரோமமுள்ள புழு ஒன்றையும் பார்த்தேன். சத்தம் போடுவது அதுதானா? பாறையை எறிந்துவிடலாமா?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: எறிய வேண்டாம். அந்தப் புழு சத்தம் போடாது. ஆகவே பாறையோடு குறைந்தது இரண்டு உயிர்கள் வந்திருக்கின்றன.

சத்தம் பெரும்பாலும் பிஸ்டல் இறாலுடையதாகவோ மான்டிஸ் இறாலுடையதாகவோ இருக்கும். பிஸ்டல் இறாலுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பருத்திருக்கும். அதைப் படீரென மூடும்போது பீறிடும் நீரில் ஒரு குமிழி உண்டாகி, அது நொறுங்கும் ஓசையே உங்களுக்குக் கேட்கிறது. (கொடுக்கின் இரு பகுதிகளும் மோதும் ஓசை என்றே 2000-ஆம் ஆண்டு வரை பலரும் நம்பியிருந்தார்கள்.) மான்டிஸ் இறாலோ கும்பிடுபூச்சியைப் போல முன்னங்கால்களை மடித்து வைத்திருக்கும், காம்பின் மேல் நிற்கும் அதன் கண்கள் தனித்தனியே சுழலும். நத்தை ஓடுகள் உடைந்து கிடந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு பாருங்கள். வெள்ளை ஒளிக்கு மிரளுமளவு மிரளாது.

பிஸ்டல் இறாலானால் இருந்துவிட்டுப் போகட்டும்; அதில் சில இனங்கள் கோபி மீனோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்துவது பார்க்கப் பார்க்க அலுக்காது. மான்டிஸ் என்றால், அது புகுந்துள்ள பாறையை வாளிக்கு மாற்றி, துளைக்குள் தொட்டி நீரைவிட உப்பு கூடிய நீரைப் பீய்ச்சி வெளியேற்றுங்கள். வெறும் விரலை நீட்டினால் சதை கிழியும்.

புழுவைப் பற்றிய உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ நகரிலுள்ள புளூ ரீஃப் மீன்காட்சியகத்தில், பவளங்கள் துண்டாவதன் காரணம் தெரியாமல் தொட்டியையே பிரித்தபோது நான்கடிப் புழு ஒன்று அகப்பட்டது. அன்று முதல் எந்தப் புழுவைக் கண்டாலும் அதுதானோ என்று பதறுகிறோம். அந்தப் பாபிட் வகைப் புழுவின் தலையில் ஐந்து உணர்கொம்புகள் நீண்டிருக்கும்; உடல் வானவில்லாய் மினுங்கும். இருபுறமும் ரோமக் கற்றைகளோடு இளஞ்சிவப்பும் பழுப்புமாக இருந்தால், அது மிச்சம் மீதியைத் தின்னும் சாதாரண பிரிஸ்டில் புழு. எண்ணிக்கை பெருகினால் நீங்கள் மீனுக்குப் போடும் தீனி அதிகம் என்று பொருள். அதைக் குறைத்தால் அவையும் குறையும். பாறையைத் தூக்கும்போது மட்டும் கையுறை அணியுங்கள், ஏனெனில் அந்த ரோமம் கம்பளிப்பூச்சியின் சுணையைப் போலத் தோலில் ஏறிக்கொள்ளும். ஏறிவிட்டால் செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுங்கள்.