பேண்ட் ஒன்றுதானே, ஆங்கிலத்தில் மட்டும் அது ஏன் ‘ஒரு ஜோடி’?

சட்டையை ஒருமையில் சொல்லும் ஆங்கிலம், பேண்டையும் ஷார்ட்ஸையும் மட்டும் ஏன் பன்மையில், ‘எ பேர் ஆஃப்’ போட்டுச் சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ‘பேர்’ எங்கள் வீட்டுக்குப் பெரிய நஷ்டம் வைத்த சொல்.

எங்கள் கடை கீழக்கரையில். வாப்பா தையல்காரர். நான் ஒன்பதாவது படிக்கும்போது, ராமேஸ்வரத்து விடுதி ஒன்றிலிருந்து சீருடை தைக்க ஆர்டர் வந்தது. 12 பேருடைய அளவு, கூடவே ஆங்கிலத்தில் ஒரு தாள். “என்ன போட்டிருக்கு, வாசி” என்று வாப்பா என்னிடம் நீட்டினார். ‘ட்வெல்வ் பேர்ஸ் ஆஃப் டிரவுசர்ஸ்’ என்று இருந்தது. “12 ஜோடி வாப்பா” என்றேன். ஆளுக்கு ரெண்டு என்று கணக்குப் போட்டு, துணி வாங்கி, 24 தைத்துவிட்டார். அவர்கள் கேட்டது 12. மீதியை ஆள் பார்த்துப் பிரித்துத் தைத்து, வந்த விலைக்குத் தள்ளிவிட ஒரு வருஷம் ஆனது. அவர் என்னைத் திட்டவே இல்லை. அதனாலேயே எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

நமக்கு ஜோடி என்றால் செருப்பு, கொலுசு, வண்டி மாடு. ஒன்றை இங்கேயும் இன்னொன்றை அங்கேயும் வைக்க முடிய வேண்டும். ஆங்கிலம் இங்கே பார்ப்பது அதை அல்ல; ஓரிடத்தில் சேர்ந்து, சமமான இரண்டாகப் பிரிகிற உருவத்தை. அதனால்தான் கத்தரிக்கோல், இடுக்கி, குறடு, மூக்குக்கண்ணாடி எல்லாமே அங்கே பன்மை. சட்டைக்கும் கை ரெண்டு உண்டு. ஆனால் சட்டையின் பெரும்பகுதி உடம்பை மூடுகிற ஒரே பரப்பு, கை அதில் ஒட்டியது. பேண்டில் இடுப்புப் பட்டியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கால்கள்தான்.

இதை எனக்குப் புரியவைத்தது வாப்பாவின் மேசை. முன்பக்கம் ரெண்டு, பின்பக்கம் ரெண்டு என நாலு துண்டு வெட்டுவார். வெளிப்பக்கமும் உள்பக்கமும் தைத்து முடித்ததும் மேசையில் கிடப்பது பேண்ட் இல்லை, ஒட்டும் உறவும் இல்லாத ரெண்டு குழாய். பிறகு ஒரு காலை நல்ல பக்கம் வெளியே வரும்படி புரட்டி, மற்றக் காலுக்குள் நுழைப்பார். ரெண்டு உள்தையலும் தொடைச் சந்தில் நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். நூல் அளவு விலகினாலும் உட்காரும்போது இழுக்கும். முன்னாலிருந்து பின் இடுப்பு வரை வளைவாக ஒரே ஓட்டு. உள்ளே இருக்கும் காலை உருவியதும் பேண்ட்! கைலிக்கு இந்த வேலையே கிடையாது. ஓரத்தை ஓரத்தோடு மூட்டினால் முடிந்தது. ஆங்கிலத்திலும் லுங்கி, ஸ்கர்ட் எல்லாம் ஒருமைதான், பிரியாத உடை என்பதால்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு காலையும் தனியாக விற்றார்கள், அதனால்தான் பன்மை என்று ஒரு விளக்கம் எங்கும் சுற்றுகிறது. பாதி உண்மை. இடைக்கால ஐரோப்பாவில் ஆண்கள் காலுக்கு ஒன்றாகத் தனித்தனி உறை மாட்டி, நாடாவால் மேலே கட்டிக்கொண்டார்கள். 15-ஆம் நூற்றாண்டில் ரெண்டையும் சேர்த்துத் தைப்பது பரவிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் காலுடைக்கு ‘பிரோக்’ ஒருமை, ‘பிரேச்’ பன்மை, ஃபுட், ஃபீட் போல. அந்தப் பன்மையின் மேலேயே இன்னொரு பன்மை விகுதி ஏறித்தான் ‘பிரீச்சஸ்’ ஆனது. ஆனால் ‘பேண்ட்ஸ்’ பிந்தி வந்த சொல். வெனிஸ் நகைச்சுவை நாடகங்களில் ‘பந்தலோனே’ என்றொரு கிழட்டு வியாபாரி வருவான். அவன் உடையிலிருந்து ‘பேண்டலூன்ஸ்’, அது சுருங்கி 1840 வாக்கில் அமெரிக்காவில் ‘பேண்ட்ஸ்’. அது பிறக்கும்போதே கால் ரெண்டும் ஒட்டித்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியையும் யாரும் ஒற்றை ஒற்றையாக விற்கவில்லை.

எனக்குப் பெரிய சாட்சி பைஜாமாதான். பாரசீகத்தில் ‘பாய்’ கால், ‘ஜாமா’ உடை. உருதுவில் அது ஒருமை, நமக்கும் ஒருமை. ஆங்கிலத்துக்குள் போனதும் ‘பைஜாமாஸ்’! பிரிந்த கால் கண்ணில் பட்டதும் ‘ஸ்’ ஒட்டிக்கொண்டது.

நம்மிடம் நடப்பது தலைகீழ். டிரவுசர்ஸ் இங்கே வந்து ‘ஸ்’ஸையும் பாதி நீளத்தையும் இழந்து அரைக்கால் டவுசர் ஆனது. ஜீன்ஸில் ‘ஸ்’ தப்பியது, ஆனாலும் “ஒரு ஜீன்ஸ்” என்றுதான் கேட்கிறோம். அஃறிணைக்கு எண் போட்டாலே நமக்குப் போதும்: பத்து நண்டு, ரெண்டு வள்ளம். மாடு மேய்ந்தது, மாடு மேய்ந்தன என்று ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதை நன்னூல் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்கிறது. அந்தப் பழக்கத்தோடுதான் அன்றைக்கு அந்தத் தாளை வாசித்தேன்.

வாப்பா இப்போதும் கடையில் உட்காருகிறார். யார் சீருடை ஆர்டர் கொண்டுவந்தாலும், தமிழிலோ இங்கிலீஷிலோ எப்படி எழுதியிருந்தாலும், தாளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்பார்: “இடுப்பு எத்தனை?”